ஆலன்ஸ்வொர்த்: நீதிபதி இருந்தார், நூலகம் இருந்தது, தண்ணீர் மட்டும் ஊர் கையில் இல்லை

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டிலிருந்து வடக்கே 40 மைல் போல போனால், நெடுஞ்சாலை 43-ஐ ஒட்டி ஆலன்ஸ்வொர்த் என்று ஓர் ஊர் வரும். 2020 கணக்கெடுப்பில் 531 பேர். மேயர் இல்லை, நகர்மன்றம் இல்லை. சட்டப்படி அது ஒரு நகராட்சியே அல்ல. துலாரே கவுண்டியின் (மாநிலத்துக்குக் கீழே வரும் ஆட்சிப் பகுதி) நிலப்பரப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். இப்படிப்பட்ட ஊர்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் ஓர் ஊருக்குத் தன்னாட்சி என்றால் என்ன என்று யோசிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. போன மாதம் நேரில் போய் வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஊரின் பெயர் கர்னல் ஆலன் ஆலன்ஸ்வொர்த்துடையது. 1842ல் கென்டக்கி மாநிலம் லூயிவில்லில் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பதற்காகவே சிறுவயதில் விற்கப்பட்டார். உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையோடு தப்பிப்போய்க் கடற்படையில் சேர்ந்தார். பிறகு பாப்டிஸ்ட் போதகரானார். 1886ல் கறுப்பின வீரர்களின் 24ஆம் காலாட்படைக்குப் போதகராக நியமிக்கப்பட்டு, 1906ல் லெஃப்டினன்ட் கர்னலாக ஓய்வுபெற்றார். அந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

1908ல் அவரும் வில்லியம் பெய்ன் என்ற ஆசிரியரும் இன்னும் சிலரும் சேர்ந்து, கறுப்பின மக்கள் தங்களுக்கென்று கட்டி, தாங்களே நடத்தும் ஊர் ஒன்றை இங்கே தொடங்கினார்கள். சான்டா ஃபே ரயில் பாதை ஓரமாக இடம். தெருக்களுக்கு டன்பார், சொஜர்னர் என்று தங்கள் கவிஞர், போராளிகள் பெயரையே வைத்தார்கள்.

நான்கைந்து வருடத்தில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். 1912ல் தனி வாக்குச்சாவடி, தனிப் பள்ளி மாவட்டம். கலிஃபோர்னியாவில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததே 1911 அக்டோபரில்தான். ஆக, இந்த ஊர்ப் பெண்கள் முதல் தேர்தலிலிருந்தே வாக்களிக்கும் உரிமையோடு இருந்தார்கள். 1913ல் கர்னலின் மனைவி ஜோசஃபின் தன் தாய் மேரி டிக்கின்சன் நினைவாக ஒரு நூலகம் அமைத்தார், அது கவுண்டி நூலகத்தின் கிளையானது. 1914ல் தனி நீதி வட்டம் கிடைத்தது. ஆஸ்கர் ஓவர் உள்ளூர் நீதிபதி, வில்லியம் டாட்சன் கான்ஸ்டபிள். இருவருமே கறுப்பினத்தவர். 1914ல் அமெரிக்காவில் இது மிக அரிது.

இத்தனையும் இருந்தும் ஊர் ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. என் பதில் தலைப்பிலேயே இருக்கிறது. நண்பர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மதுரைக்காரி

அருமையான இழை அண்ணா. ஒரு சந்தேகம். மேயரும் இல்லை, மன்றமும் இல்லை என்றால் அங்கே தெருவிளக்கு எரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? நம் ஊரில் எவ்வளவு சின்ன குக்கிராமமாக இருந்தாலும் ஏதோ ஓர் ஊராட்சிக்குள் வரும், தலைவர் வீட்டுக் கதவையாவது தட்டலாம். அங்கே யார் கதவு?

---

ஃப்ரெஸ்னோ செல்வம்

சகோதரி, நான் இந்தப் பள்ளத்தாக்கில்தான் பதினெட்டு வருடமாக இருக்கிறேன், நானும் நகர எல்லைக்கு வெளியேதான். அதனால் சொல்கிறேன்.

ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்ற அடுக்கு இங்கே கிடையாது. நகராட்சியாகப் பதிவாகாத இடம் முழுவதற்கும் கவுண்டிதான் உள்ளாட்சி. சாலை, கட்டட அனுமதி, நிலப் பயன்பாடு, காவலுக்கு ஷெரீஃப் எல்லாமே கவுண்டி. துலாரே கவுண்டியை ஐந்து மேற்பார்வையாளர்கள் ஆள்கிறார்கள், தொகுதிக்கு ஒருவர். கவுண்டியின் மக்கள்தொகை 4,73,000. கணக்குப் போடுங்கள், ஒருவருக்கு ஏறக்குறைய 95,000 பேர். அதில் ஆலன்ஸ்வொர்த் 531. அந்த 531 பேரும் ஒரே மாதிரி வாக்களித்தாலும் அவர் ஜெயிப்பதோ தோற்பதோ அதனால் மாறாது.

கவுண்டி செய்யாத வேலைகளுக்குத் தனித்தனி மாவட்டங்கள் உண்டு. மாவட்டம் என்றதும் நம் ஊர் மாவட்டத்தை நினைக்காதீர்கள். பள்ளிக்கு ஒன்று, கொசு ஒழிப்புக்கு ஒன்று, கல்லறைக்கு ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வாரியம். ஆலன்ஸ்வொர்த்தில் குடிநீரைக் கவனிப்பது 'சமுதாயப் பணிகள் மாவட்டம்'. ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் கொண்ட வாரியம். பேச்சில் தண்ணீர் போர்டு என்றுதான் சொல்வார்கள். ஊருக்கென்று, ஊர்க்காரர்களே உட்கார்ந்து முடிவெடுக்கும் இடம் என்றால் அதுவும் பள்ளி வாரியமும்தான். பள்ளி மாவட்டம் 1912ல் வந்தது, இன்றும் ஒரே பள்ளியோடு தனி மாவட்டமாகவே இருக்கிறது.

உங்கள் தெருவிளக்குக்குப் பதில்: தொலைவில் வைசேலியாவில் இருக்கும் கவுண்டி அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய வேண்டும்.

---

பழைய வாத்தியார்

கரிசல்மண், நீங்கள் தண்ணீரை மட்டும் சொல்கிறீர்கள். 1914ஐ மறந்துவிடக் கூடாது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு இடி விழுந்தது. செப்டம்பர் 14 அன்று மன்ரோவியாவில் சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதிக் கர்னல் இறந்தார். அதே வருடம் ரயில்வே பக்கத்து ஊரான ஆல்பாவுக்குக் கிளைப் பாதை போட்டு, சரக்கு வணிகத்தை அங்கே கொண்டுபோனது. தானியமும் மாடும் ஏற்ற வரும் வண்டிகளை நம்பித்தான் அங்கே கடை, ஓட்டல் எல்லாம். தலைவரும் போய், வருமானமும் போனால் எந்த ஊர் தாங்கும்?

---

கரிசல்மண்

வாத்தியார் ஐயா, இரண்டும் உண்மை. ஆனால் கர்னல் இறந்த பிறகும் ஊர் நடந்தது. நீதிபதி இருந்தார், பள்ளி நடந்தது, ஆட்கள் வந்துகொண்டும் இருந்தார்கள். ரயில் வருமானம் போனது பெரிய அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் விவசாய ஊரில் மண்ணும் நீரும் இருந்தால் சந்தைக்குச் சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டாவது போவார்கள்.

தண்ணீர்க் கதையைச் சொல்கிறேன். நிலத்தை விற்றது பசிஃபிக் ஃபார்மிங் கம்பெனி. பாசனத்துக்குப் போதுமான நீர் தருவதாகச் சொல்லித்தான் விற்றது. கிணறும் குழாயும் அதன் கையில். ஊர் வளர வளரத் தண்ணீர் போதவில்லை, சொன்னபடி கம்பெனி செய்யவும் இல்லை. ஊர்க்காரர்கள் போராடி 1913 வாக்கில் தண்ணீர் அமைப்பைத் தங்கள் சொந்த நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கைக்கு வந்தபோது அதில் இருந்தது தேய்ந்த இயந்திரமும் பாக்கி வரியும்தான். நிலத்தடி நீரும் இறங்கிக்கொண்டே போனது.

வாக்குச்சாவடியைக் கேட்டு வாங்கினார்கள், நீதிமன்றத்தைக் கேட்டு வாங்கினார்கள். அவை கவுண்டி காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் கிடைப்பவை. நீர் அப்படியில்லை. நிலத்தை வாங்கும்போதே பத்திரத்தில் கட்டிக்கொள்ள வேண்டியது அது. அதை விற்றவனிடமே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கறுப்பினத்தவருக்கு நிலம் விற்க யாரும் முன்வராத காலத்தில், விற்கிறேன் என்று வந்தவனிடம் எவ்வளவு பேரம் பேச முடியும்?

---

தாமரை

தொழிற்கல்லூரித் திட்டத்தையும் யாராவது சொல்லுங்களேன். அலபாமாவில் புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய டஸ்கிகி கல்லூரி மாதிரி ஒன்றை ஆலன்ஸ்வொர்த்தில் கொண்டுவர கர்னல் பாடுபட்டார். மாநில நிதி கேட்டு மசோதாவும் போனது, நிறைவேறவில்லை. லாஸ் ஏஞ்சலஸ், சான் ஃபிரான்சிஸ்கோ கறுப்பின மக்களிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். எங்களுக்கென்று தனிக் கல்லூரி என்று நாமே கேட்டால், மற்ற கல்லூரிகளில் எங்களைச் சேர்க்காமல் ஒதுக்க அரசுக்கு வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் அந்தக் கல்லூரி வந்திருந்தால் மாணவர்கள், ஆசிரியர்கள், மாநிலப் பணம் என்று ஊருக்கு விவசாயம் அல்லாத ஒரு கால் கிடைத்திருக்கும். தண்ணீர் குறைந்தாலும் நின்றிருக்கும்.

---

நெடுஞ்சாலை

கொஞ்சம் வேறுபட்டுச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு நகராட்சியில் வரவு செலவுக் கணக்கு பார்த்தவன். 500 பேருக்கு ஒரு குடிநீர் அமைப்பை நடத்துவது மிகக் கடினம். கிணறு, பம்பு, ஆய்வகச் சோதனை, உரிமம் பெற்ற ஆபரேட்டர் என்று எந்தச் செலவும் 50,000 பேர் ஊரோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. அதைப் பங்கிட நூற்றுச் சொச்சம் வீடுதான். எல்லாச் சிற்றூரையும் என்றென்றும் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது பொதுப் பணத்துக்கு நியாயமா? மக்களுக்கு நல்ல வசதியுள்ள இடத்தில் வாழ உதவுவதும் ஒரு வழிதானே?

---

ஃப்ரெஸ்னோ செல்வம்

நெடுஞ்சாலை, நீங்கள் நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள். ஆனால் துலாரே கவுண்டி அதையே கொள்கையாக எழுதி வைத்தது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1971 பொதுத் திட்டத்தில் 15 ஊர்களை 'எதிர்காலம் இல்லாதவை' என்று பட்டியல் போட்டார்கள். இந்த ஊர்களில் குடிநீர், கழிவுநீர் போன்ற பெரிய வசதிகளைச் செய்யாமல் நிறுத்தினால், மக்கள் பக்கத்து ஊர்களுக்குப் போய்விடுவார்கள், இவை மெல்ல மெல்ல இயல்பாகவே தேய்ந்துபோகும் என்பது அதன் சாரம். அந்தப் பட்டியலில் ஆலன்ஸ்வொர்த்தும் உண்டு.

நீங்கள் சொன்ன மாதிரி 'நல்ல இடத்துக்குப் போக உதவி' என்று அதில் எதுவும் இல்லை. நிறுத்துவது மட்டும்தான். மக்கள் போனார்களா? போகவில்லை. திராட்சை, பாதாம், பால்பண்ணை வேலைக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அங்கே குடியேறின. ஏனென்றால் ஒரு கூலித் தொழிலாளி சொந்தமாக மனை வாங்க முடிந்த இடம் அதுதான். இன்று ஊரில் பெரும்பான்மை அவர்கள்தான். ஆக, கொள்கை ஊரைக் காலி செய்யவில்லை. இருந்தவர்களுக்கு நல்ல தண்ணீர் இல்லாமல் செய்தது, அவ்வளவுதான்.

என் அனுபவம் ஒன்று. 2015 வறட்சியில் என் வீட்டுக் கிணறு வற்றியது. நகர எல்லை அரை மைலில், அங்கே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு அலுவலகத்தில் கேட்டேன், நீங்கள் எங்கள் எல்லையில் இல்லை என்றார்கள். இன்னொரு அலுவலகத்தில், தனியார் கிணறு எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். நான்கு மாதம் முற்றத்தில் தொட்டி வைத்து லாரித் தண்ணீரில் குளித்தோம். என் சின்ன மகளுக்கு அப்போது மூன்று வயது. எந்தப் பட்டியலிலும் எங்கள் பெயர் இல்லை, அதுதான் வலித்தது.

---

கரிசல்மண்

செல்வம் அண்ணா, இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

அந்த 1971க்குப் பக்கத்திலேயே இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சிறுவனாக வாழ்ந்த கார்னீலியஸ் போப் என்பவர், மாநிலப் பூங்காத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, இந்த ஊரை நினைவிடமாக்க வேண்டும் என்று விடாமல் கேட்டார். அவரும் பலரும் பாடுபட்டு, 1976ல் கர்னல் ஆலன்ஸ்வொர்த் மாநில வரலாற்றுப் பூங்கா திறக்கப்பட்டது. பள்ளி, நூலகம், கர்னலின் வீடு எல்லாவற்றையும் பழையபடி எழுப்பி, அழகாகப் பராமரிக்கிறார்கள். நூலகத்துக்குள் நின்றபோது என் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

பூங்காவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இன்றைய ஊர். அங்கே மண் சாலை. கழிவுநீர்க் குழாய் இல்லை, வீட்டுக்கு வீடு செப்டிக் தொட்டி. ஊரின் கடந்த காலத்துக்கு மாநிலம் பணம் கொடுத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அதன் நிகழ்காலத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று கவுண்டியின் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு அரசுகளும் ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க ஓர் ஊராட்சி அங்கே இல்லை.

---

நீர்ப்பொறியாளன்

குடிநீர்த் துறையில் இருப்பதால் ஆர்செனிக் என்ற நச்சுப் பொருள் பற்றிச் சொல்கிறேன். இங்கே பிரச்சினை அளவு மட்டுமில்லை, தரமும்தான்.

1966லேயே ஆலன்ஸ்வொர்த் தண்ணீரில் ஆர்செனிக் கண்டறியப்பட்டு, 30க்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஊரை விட்டுப் போயின. இதை யாரும் கொட்டவில்லை. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் களிமண்ணிலேயே இருக்கிறது. இந்த ஊர் பழைய துலாரே ஏரியின் கரையோரம். ஒரு காலத்தில் மிசிசிப்பிக்கு மேற்கே மிகப் பெரிய நன்னீர் ஏரி அதுதான். ஆறுகளைப் பாசனத்துக்குத் திருப்பியதும் ஏரி வற்றி வயலாகிவிட்டது. பெரிய பண்ணைகள் ஆழத்திலிருந்து நீரை இறைக்க இறைக்க, களிமண் அடுக்கு அழுந்தி, அதில் தேங்கியிருந்த ஆர்செனிக் கலந்த நீர் பிழிந்து வெளியே வருகிறது.

முன்பு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை அனுமதி. 2006 முதல் 10 மட்டும். ஒரே இரவில் ஆலன்ஸ்வொர்த் போன்ற நூற்றுக்கணக்கான சிறு ஊர்கள் வரம்பை மீறியவை ஆகின. வரம்பைக் குறைத்தது சரியான முடிவு, ஆர்செனிக் புற்றுநோய் தரும். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதைவிட வருடா வருடம் அதை நடத்தும் செலவுதான் சிறு வாரியங்களை முறிக்கும். கட்டணத்தை ஏற்றவும் சட்டப்படி ஒவ்வொரு மனைக்காரருக்கும் 45 நாள் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாதிக்கு மேல் எதிர்த்து எழுதிக் கொடுத்தால் ஏற்ற முடியாது. எதிர்ப்பவர்களும் தவறானவர்கள் இல்லை. குடிக்க முடியாத தண்ணீருக்கு ஒரு பில், குடிக்க வாங்கும் பாட்டில் தண்ணீருக்கு ஒரு செலவு என்று ஏற்கெனவே இரண்டு தடவை கட்டுபவர்கள் அவர்கள்.

ஒரு நல்ல செய்தி. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அசோக் காட்கில் குழு இரும்புத் தகடுகளில் மின்சாரம் செலுத்தி, உண்டாகும் துருவில் ஆர்செனிக்கைப் பிடித்து வடிகட்டும் முறையை உருவாக்கியது. மேற்கு வங்கத்தில் தப்தபி என்ற ஊரின் பள்ளியில் அதை நிறுவி ஓட்டினார்கள். அதே குழு ஆலன்ஸ்வொர்த்திலும் சோதனை நடத்தியது. வங்காளக் கிராமத்துக்காக யோசித்தது கலிஃபோர்னியாக் கிராமத்துக்கும் பொருந்தியது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

---

மதுரைக்காரி

படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. அப்படியென்றால் ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்து நகராட்சியாகவே ஆகிவிட்டால் என்ன?

---

நெடுஞ்சாலை

அதற்கு நான் பதில் சொல்கிறேன். முடியாது. கலிஃபோர்னியாவில் புது நகராட்சிக்குக் குறைந்தது 500 பதிவு பெற்ற வாக்காளர்கள் வேண்டும். 531 பேரில் குழந்தைகள், குடியுரிமை இல்லாதவர்கள் போக எத்தனை வாக்காளர்கள் இருப்பார்கள்? அது போக, எல்லை ஆணையம் என்று கவுண்டிக்கு ஒன்று உண்டு, 1963லிருந்து. புது நகராட்சி தன் செலவைத் தானே சமாளிக்கும் என்று அந்த ஆணையத்திடம் நிரூபிக்க வேண்டும். கடையே இல்லாத ஊருக்கு விற்பனை வரி எங்கிருந்து வரும்?

செல்வம், உங்கள் கிணற்றுக் கதையை இரண்டு தடவை படித்தேன். நான் முதலில் எழுதியதில் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். சிறு அமைப்புக்குச் செலவு அதிகம் என்ற கணக்கு சரிதான். ஆனால் அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பதைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. 2012ல் மாநிலம் குடிநீரை மனித உரிமை என்று சட்டமாக்கியது, 2019ல் சிறு அமைப்புகளுக்கென்று வருடம் 13 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அது சரியான திசை. மாநிலம் முழுக்கப் பங்கிட்டால் தாங்கலாம், நூறு வீட்டின் மேல் வைத்தால் தாங்காது.

---

தாமரை

2023 மார்ச் வெள்ளத்தை யாரும் சொல்லவில்லையே. மலையில் பனியும் மழையும் கொட்டி, வற்றிப்போன துலாரே ஏரி திரும்ப வந்தது. ஓடைகள் கரை உடைத்து ஆலன்ஸ்வொர்த்தைச் சுற்றித் தண்ணீர். வெளியேறச் சொல்லி உத்தரவு. ஊர்க்காரர்கள் பலர் போகாமல் நின்று, மண்மூட்டையும் பலகையும் கொண்டு உடைப்பை அடைத்தார்கள். ரயில் பாதைக்கு அடியில் இருந்த மதகை அவர்களே அடைத்தார்கள், எடுக்கச் சொல்லி ரயில்வே தரப்பிலிருந்து வந்து நின்றார்கள். பெரிய பண்ணைகளுக்குக் கரை இருந்தது, பம்பு இருந்தது, வக்கீல் இருந்தார்கள். ஊருக்கு மண்வெட்டி இருந்தது.

வீடியோவில் ஓர் இளைஞன் இடுப்பளவு சேற்றில் நின்று மூட்டை வாங்கிக்கொண்டிருந்தான். நூறு வருடம் தண்ணீருக்குத் தவித்த ஊரைத் தண்ணீரே மூழ்கடிக்க வந்ததைப் பார்க்கத் தாங்கவில்லை.

---

பழைய வாத்தியார்

கரிசல்மண், நான் ஆரம்பத்தில் ரயிலையும் கர்னலின் மரணத்தையும் பெரிதாகச் சொன்னேன். இப்போது 1913, 1966, 1971, 2006, 2023 என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாமே நீரில்தான் வந்து முட்டுகிறது. உங்கள் பக்கம் வந்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். போனால் அந்தத் தண்ணீர் போர்டு கூட்டத்தில் வெளியாள் உட்காரலாமா? எனக்குப் பூங்காவைவிட அதைப் பார்க்கத்தான் ஆசை.

---

கரிசல்மண்

உட்காரலாம் ஐயா. 1953லிருந்து கலிஃபோர்னியாவில் திறந்த கூட்டச் சட்டம் இருக்கிறது. உள்ளாட்சி வாரியம் எதுவாக இருந்தாலும் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும், யார் வேண்டுமானாலும் வரலாம், பெயர் சொல்லாமலே பேசலாம். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, பம்பு பழுது, பாக்கி பில், மானிய விண்ணப்பம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் மனிதர்கள். 1914ல் ஆஸ்கர் ஓவர் உட்கார்ந்த நாற்காலிக்கு வாரிசு யார் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

பூங்காவுக்குப் போக நல்ல நாள் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை, ஆண்டு விழா. அன்று எல்லாக் கட்டடங்களும் திறந்திருக்கும். வழக்கமாக நிற்காத ஆம்ட்ராக் ரயில் விழா நாட்களில் அங்கே நிற்கும். முடித்துவிட்டு மறக்காமல் இன்றைய ஊருக்குள்ளும் போய் வாருங்கள்.

---

ஃப்ரெஸ்னோ செல்வம்

வாத்தியார் ஐயா, அக்டோபரில் நான் குடும்பத்தோடு போகிறேன். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. தனிமடலில் சொல்லுங்கள், ஃப்ரெஸ்னோ ரயில் நிலையத்தில் வந்து ஏற்றிக்கொள்கிறேன்.